ஜப்பானில் மொழிபெயர்ப்புச் செயலியோடு 12 நாள்: சாற்றில் இருந்த மீனும் அடுத்த பயணத்துக்கான கேள்விகளும்

வைகைக்கரையாள் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற பங்குனியில் நானும் எழுபத்தோரு வயதான என் தாயாரும் டோக்கியோ, கனசாவா, கியோத்தோ, கோயா மலை என்று 12 நாள் சுற்றி வந்தோம். வணக்கத்தையும் நன்றியையும் தவிர ஜப்பானிய மொழியில் எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. கைப்பேசியில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியை நம்பியே போனோம். ரயில் நிலையப் பலகைகள், விடுதிக் குளியலறையில் ஒட்டியிருந்த விதிகள், மருந்துக் கடையில் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் கேட்டது என எல்லாவற்றிலும் அது உதவியது. ஓர் இடத்தில் மட்டும் எங்களைக் கைவிட்டது. அதைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கனசாவாவில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம் சிறிய உணவகம் ஒன்றில் நுழைந்தோம். உணவுப் பட்டியலைக் கேமராவில் காட்டியபோது ஒரு வரியில் "நரி" என்றும், இன்னொரு வரியில் "பெற்றோரும் பிள்ளையும்" என்றும் தமிழ் எழுத்துகள் தோன்றின. அம்மா திகைத்துப் போனார். பக்கத்து மேசைக்காரர் தம் கிண்ணத்தைக் காட்டியபோதுதான், நரி என்பது பொரித்த சோயாப் பன்னீர்த் துண்டு போட்ட ஊதோன் நூடுல்ஸின் பெயர் என்று புரிந்தது. பெற்றோரும் பிள்ளையும் என்பது கோழியும் முட்டையும் போட்ட சோறாம். "இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று தட்டச்சு செய்து சமையற்காரரிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். பிறந்ததிலிருந்து மீனோ இறைச்சியோ தொடாத என் தாயார், அந்தச் சாறு மிகவும் சுவையாக இருப்பதாகச் சொல்லிக் கிண்ணத்தைக் காலி செய்தார். அன்று மாலை விடுதியில் ஆங்கிலம் தெரிந்த ஓர் இளைஞர், அந்தச் சாறு உலர்ந்த மீனில் எடுத்ததாகத்தான் இருக்கும் என்றார். அம்மா யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் இரவு வரை தண்ணீரும் பழமும் தவிர வேறு எதையும் உட்கொள்ளவில்லை.

சமையற்காரர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கேட்டதற்கு உண்மையான பதிலைத்தான் அவர் சொன்னார். வரும் ஐப்பசியில் தம்பி குடும்பத்தோடு மீண்டும் செல்லவிருக்கிறோம். தம்பி மகனுக்கு எட்டு வயது. அவனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. அம்மாவுக்கு நேர்ந்தது மனவேதனை. அதே பிழை அவனுக்கு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகிவிடும். செயலியிடம் எப்படி எழுத வேண்டும், எந்த இடத்தில் அதை நம்பவே கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

எடோகவாவாசி

சகோதரி, டோக்கியோவில் இந்தியர்கள் மிகுந்து வாழும் நிஷிகசாய் பகுதியில் 14 ஆண்டுகளாக வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களில் பெரும்பாலோருக்கு இதே அனுபவம் நேர்ந்திருக்கிறது. "இறைச்சி" என்ற சொல் ஜப்பானியத்துக்குப் போகும்போது பெரும்பாலும் "நிகு" என்று ஆகும். அன்றாடப் பேச்சில் நிகு என்றால் மாடு, பன்றி, கோழி ஆகியவற்றின் இறைச்சி. மீன் அந்தச் சொல்லுக்குள் வராது. ஆகவே செயலி தவறாக மொழிபெயர்க்கவில்லை, சமையற்காரரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் தாயாரின் கிண்ணத்தில் மீன் இருந்தது.

இந்நாட்டுச் சமையலின் அடித்தளம் "டாஷி" என்னும் சாறு. கட்சுவோபுஷி எனப்படும் உலர்த்திப் புகையூட்டிய மீனைச் சீவி அதை எடுப்பதே மிகப் பரவலான வழக்கம். நம் ஊரில் சாம்பாருக்குப் புளி கரைப்பது போல, அதை யாரும் தனியாக ஒரு பொருளாக எண்ணிச் சொல்ல மாட்டார்கள். மிசோ சாறு, நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி, சில முட்டை உணவுகள் என எல்லாவற்றிலும் அது கலந்திருக்கும். "நான் சைவம்" என்று எழுதிக் காட்டினாலும் பயன் குறைவு. இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுப் பரிமாறும் கடைகள் உண்டு. எனவே பொருள்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "இந்தச் சாறு மீனிலிருந்து எடுத்ததா, கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து எடுத்ததா?" இப்படிக் கேட்டால் சமையற்காரர் யோசித்துப் பதில் சொல்வார்.

கோயா மலைக்குப் போனீர்கள் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். அங்குள்ள கோயில் விடுதிகளில் பரிமாறும் ஷோஜின் உணவில் மீனும் இறைச்சியும் கிடையாது. சாற்றைக் கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் எடுப்பார்கள். வெங்காயம், பூண்டு போன்றவற்றையும் மரபாக விலக்குவார்கள். உங்கள் தாயார் மனக்கலக்கம் இல்லாமல் சாப்பிட்டது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

நிலக்கடலை பற்றி: கடைகளில் விற்கும் பொட்டலமிட்ட உணவில் ஒவ்வாமை தரும் சில பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பது இந்நாட்டு விதி. முட்டை, பால், கோதுமை, பாப்பரை (சோபா நூடுல்ஸ் செய்யும் தானியம்), நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் ஆகியவை அவற்றில் அடங்கும். பொட்டலத்தில் அந்த வரியைக் கேமராவால் படித்துக்கொள்ளலாம். ஆனால் உணவகத்தில் தட்டில் வைத்துப் பரிமாறும் உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொல்லாராய்வோன்

மொழித் தொழில்நுட்பத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சிறிது விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும்.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011 ஜூனில். முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்து மொழிபெயர்க்கும் நரம்பியல் வலையமைப்பு முறைக்குத் தமிழ் மாறியது 2017 ஏப்ரலில். அதன் பிறகு எல்லாச் செயலிகளிலும் தமிழ் நடை வெகுவாகத் தேறியிருக்கிறது. ஆனால் தமிழும் ஜப்பானியமும் அருகருகே வைக்கப்பட்ட நூல்களும் ஆவணங்களும் மிகக் குறைவு. தமிழும் ஆங்கிலமும் உண்டு, ஜப்பானியமும் ஆங்கிலமும் ஏராளமாக உண்டு. ஆகவே நாம் தமிழில் எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே ஜப்பானியத்தைச் சென்றடைகிறது. நேராகச் செல்வதாகத் தோன்றும் இடத்திலும் ஆங்கிலத்தின் வார்ப்பு அதில் பதிந்திருக்கும். என் மனத்தை உறுத்துவது இதுதான்: தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் பொதுவாக இருக்கும் நுட்பங்கள், அவை இல்லாத ஒரு மொழியின் வாசலைக் கடக்கும்போது உதிர்ந்துவிடுகின்றன.

நாம் நெல், அரிசி, சோறு என்று மூன்றாகப் பிரிக்கிறோம். அவர்களும் இனே, கொமே, கோஹான் என்று அதே மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் "ரைஸ்" என்ற ஒரு சொல்லே போதும். நமக்கு அண்ணனும் தம்பியும் வேறு. அவர்களுக்கும் அனி வேறு, ஒதோத்தோ வேறு. நடுவில் "பிரதர்" என்று ஆன பிறகு, மூத்தவரா இளையவரா என்பதைச் செயலி ஊகித்துத்தான் எழுத வேண்டும். சாறு காரமாக இருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்பதை இரு மொழியும் தெளிவாகப் பிரிக்கின்றன. ஆங்கிலத்தில் "ஹாட்" என்றால் இரண்டும் ஆகலாம்.

உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது ஆம், இல்லை என்ற பதில்களை. "இதில் கடலை இல்லையா?" என்று கேட்டால், இல்லாதபோது நாம் "ஆமாம், இல்லை" என்போம். ஜப்பானியரும் அப்படியே "ஹாய்" என்பார். நீங்கள் சொன்னது சரி என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அதே இடத்தில் "நோ" என்றுதான் சொல்வார்கள். கேள்வி ஒருமுறையும் பதில் ஒருமுறையும் ஆங்கிலத்தைக் கடக்கும்போது, அந்த ஒற்றை "ஹாய்" எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆகவே எதிர்மறையாக எதையும் கேட்காதீர்கள். "இதில் நிலக்கடலை இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள், பதிலை "இருக்கிறது", "இல்லை" என்ற இரண்டில் ஒன்றை விரலால் தொட்டுக் காட்டும்படி எழுதி நீட்டுங்கள்.

இன்னொன்று. நம் வீட்டுச் சொற்களைச் செயலிக்குக் கொடுக்கும்போது சற்று விரித்து எழுத வேண்டும். வெறும் "கடலை" என்றால் கொண்டைக்கடலையாகவும் கொள்ளப்படலாம்; "நல்லெண்ணெய்" என்பதை "நல்ல எண்ணெய்" என்று பிரித்துவிடவும் கூடும். "நிலக்கடலை", "எள் எண்ணெய்" என்று எழுதுங்கள். எழுதியதை அனுப்பும் முன், கிடைத்த ஜப்பானிய வாக்கியத்தைப் படியெடுத்து மீண்டும் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். ஜப்பானின் தேசியத் தகவல் தொடர்பியல் ஆய்வு நிறுவனம் இலவசமாக வழங்கும் வாய்ஸ்ட்ரா என்னும் செயலி, இத்தகைய மீள்மொழிபெயர்ப்பைத் தானாகவே அடியில் காட்டும்; அதில் தமிழ் உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தது சரியாக இருப்பதாலேயே போனதும் சரி என்று ஆகிவிடாது. ஆனால் திரும்பி வந்ததே கோணலாக இருந்தால் போனதும் கோணலாக இருக்கலாம் என்று கொண்டு வேறு விதமாக எழுதிப் பாருங்கள்.

கொடிவேரிக்காரர்

சொல்லாராய்வோன் தம்பி எழுதியது எல்லாம் எனக்குப் புரிந்தது, மறுக்கவும் இல்லை. ஆனால் இந்தக் கருவியால் என்ன மாறியது என்பதையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு ஆங்கிலம் கடைப்பலகை படிக்கும் அளவுக்குத்தான் வரும். வெளிநாட்டுக்குப் போனால் யாராவது படித்த பிள்ளையின் பின்னால் நடக்க வேண்டும் என்றே நினைத்திருந்தேன். நகோயாவில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போனபோது, அவன் பகலெல்லாம் அலுவலகத்தில் இருப்பான். நான் தனியாகவே கியோத்தோ வரை போய் வந்தேன்.

அங்கே நகரப் பேருந்தில் என் துணிப்பையை மறந்து இறங்கிவிட்டேன். கோபான் என்னும் சிறிய காவல் சாவடி ஒன்றுக்குப் போய், கைப்பேசியில் தமிழில் பேசினேன். முதலில் நம் ஊர்ப் பேச்சில், "பையி பஸ்ஸுல உட்டுப்போட்டனுங்க" என்றேன். ஏதோ சம்பந்தமில்லாமல் வந்தது. பிறகு வானொலியில் செய்தி வாசிப்பவர் போல, "நான் பேருந்தில் என் பையை மறந்துவிட்டேன். பேருந்தின் எண் 205. பையின் நிறம் பழுப்பு" என்று ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தினேன். அந்தக் காவலர் எழுந்து நின்று படித்தார், எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டார், எங்கோ தொலைபேசியில் பேசினார். மாலையில் பை கிடைத்துவிட்டது. இடையில் ஆங்கிலம் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. அறுபத்தேழு வயதில் முதன்முறையாக ஒரு வெளிநாட்டுக்காரரிடம் என் மொழியிலேயே என் குறையைச் சொல்லித் தீர்த்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் மனவருத்தத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். கருவியைப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். அஞ்சி விலகும்படி எழுதிவிடாதீர்கள்.

சொல்லாராய்வோன்

ஐயா, நீங்கள் எழுதியது இந்த இழைக்கு மிகவும் தேவையான சொல். சுருக்கமான எழுத்துத் தமிழ், ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தி, எண்ணையும் நிறத்தையும் தனியாகச் சொல்வது என்று எங்களைப் போன்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை நீங்கள் சாவடி வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். கொங்குப் பேச்சும் மதுரைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் இக்கருவிகளுக்குப் புரியாமல் இருப்பது எங்கள் துறையின் குறை. அதற்கான குரல் பதிவுகள் போதிய அளவு சேரவில்லை. பேசுபவர் மாறிக்கொள்ள வேண்டிய நிலை நெடுநாள் நீடிக்கக் கூடாது என்பதே என் விருப்பம்.

வைகைக்கரையாள்

இருவரும் எழுதியதைப் படித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. கியோத்தோவில் நாங்கள் தங்கிய சிறு விடுதியின் அம்மையார், காலையில் நாங்கள் வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசல் வரை வந்து "இத்தெராஷ்ஷாய்" என்பார். செயலியில் அது "இனிய நாளாக அமையட்டும்" என்று வந்தது. மூன்றாம் நாள் அம்மா, "இவர் தினமும் ஒரே வாழ்த்தைச் சொல்லமாட்டார், வேறு ஏதோ சொல்கிறார்" என்று என்னைக் கேட்கச் சொன்னார். அந்த அம்மையார் தம் கையால் வெளியே போவது போலவும் மீண்டும் உள்ளே வருவது போலவும் காட்டினார். அம்மா உடனே, "போய்ட்டு வாங்கன்னு சொல்றாங்கடி" என்றார். விசாரித்தபோது அதுதான் உண்மை: கிளம்புகிறவர் "இத்தே கிமாசு", அதாவது போய் வருகிறேன் என்பாராம், இருப்பவர் போய் வாருங்கள் என்பாராம். மறுநாள் முதல் அம்மா தமிழிலேயே "போய்ட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்த வீட்டை விட்டு வரும்போது இருவரும் கலங்கினார்கள்.

எடோகவாவாசி

சகோதரி, இதை என் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் பெண் பள்ளிக்குக் கிளம்பும்போது "இத்தே கிமாசு", "போய்ட்டு வர்றேன்" என்று இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் ஓடுவாள். இரண்டும் ஒன்றே என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வெண்ணிற உடை

முப்பது ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள். பையனின் ஒவ்வாமை பற்றி ஒரு பிடிவாதமான கருத்து எனக்கு உண்டு. அவசர நேரத்தில் செயலியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது உடன் வரும் பெரியவர்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூச்சுத் திணறல் தொடங்கினால் முதலில் ஊசி. அடுத்து ஜப்பானில் அவசர ஊர்திக்கான எண் 119. அங்குப் பல தீயணைப்புத் துறைகள், அழைப்பவருக்கு ஜப்பானியம் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அதே அழைப்பில் இணைத்துக்கொள்கின்றன. தமிழ் கிடைக்கும் என்று எண்ணியிருக்காதீர்கள், "அலர்ஜி", "பீநட்" என்ற இரு சொற்களை ஆங்கிலத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் பாடங்களில் வரும் ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நினைவிழந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் தம் கியூபா வழக்கில் "இன்டாக்ஸிகாடோ" என்றார்கள். உண்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கருத்து. போதைப்பொருளை அளவு மீறி உட்கொண்டார் என்று மருத்துவமனையில் கொண்டார்கள். மூளையில் இரத்தக் கசிவு இருந்தது தெரியவரத் தாமதமாகி, அவருக்குக் கைகால்கள் செயலிழந்தன. அங்கே தவறியது மனிதர்களே, கருவி எதுவும் இல்லை. நேருக்கு நேர் நின்ற மனிதர்களுக்கே இப்படி நேர்ந்ததென்றால், "சூடு பிடித்துக்கொண்டது", "மயக்கமாக வருகிறது" என்று நாம் பேசுவதைக் கருவி என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று எழுதுங்கள். தலை சுற்றுகிறதா, நினைவு தப்பியதா என்பதைப் பிரித்து எழுதுங்கள். மாத்திரைகளின் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மருந்தின் வேதிப் பெயரையும் அளவையும் ஊரிலேயே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

நீதிமன்ற வளாகம்

ஒரே ஒரு செய்தி. 2018இல் அமெரிக்காவின் கான்சாஸில் நடந்த வழக்கு: மெக்சிகோ நாட்டவர் ஒருவரின் காரைச் சோதனையிட, நெடுஞ்சாலைக் காவலர் கூகுள் மொழிபெயர்ப்பைக் கொண்டு ஸ்பானிய மொழியில் அனுமதி கேட்டார். திரையில் வந்த வாக்கியத்தைக் "காரைத் தேடட்டுமா" என்றும் பொருள் கொள்ள இடமிருந்தது. அப்படிப் பெற்ற ஒப்புதல் செல்லாது என்று நீதிமன்றம் கூறி, கிடைத்த சான்றை விலக்கியது. எல்லா நாட்டு நீதிமன்றமும் இப்படிக் கருதும் என்று எண்ணிவிடக் கூடாது. காவல் துறையோ குடியேற்றத் துறையோ ஒரு தாளில் கையொப்பம் கேட்டால், செயலி காட்டும் தமிழை நம்பி இடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வரும் வரை காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், நம் தூதரகத்தின் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

நுட்பக்கூடம்

செயற்கை நுண்ணறிவில் இயங்கும் புதிய உரையாடல் வகைக் கருவிகள் இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடும் என்பது என் கருத்து. "என் தாயார் மீன் சாறும் உண்ணமாட்டார், இதை ஜப்பானியச் சமையற்காரருக்குப் புரியும்படி எழுது" என்று சூழலோடு கேட்டால், டாஷியைப் பற்றிய எச்சரிக்கையோடு எழுதித் தருகின்றன.

எடோகவாவாசி

உண்மைதான், நானே அப்படிப் பயன்படுத்துகிறேன். கேள்வியை எழுத அவை நன்று. ஆனால் தட்டின் படத்தைக் காட்டி "இதில் மீன் இருக்கிறதா?" என்று கருவியையே கேட்பவர்களை அண்மையில் பார்க்கிறேன். வழக்கமாக அந்த உணவில் என்ன இருக்கும் என்பதைத்தான் அது சொல்ல முடியும். இன்று இந்தச் சமையலறையில் எதை ஊற்றினார்கள், பாப்பரை நூடுல்ஸ் வெந்த அதே நீரில் ஊதோனைப் போட்டார்களா என்பது அடுப்பருகே நிற்பவருக்கு மட்டுமே தெரியும். திரையை அவர் பக்கம் திருப்புங்கள்.

கைப்பேசிக்கு இணையம் இல்லாத மலைப்பகுதிகளுக்காக மொழித் தொகுப்பைப் புறப்படும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் பக்கத்தையும் மருத்துவ அறிக்கையையும் கேமராவில் காட்டி மொழிபெயர்க்கும் பழக்கமும் வேண்டாம். அந்தப் படங்கள் யாருடைய கணினிக்குச் செல்கின்றன என்று நாம் பார்ப்பதில்லை.

வைகைக்கரையாள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னவற்றை வைத்து இரண்டு அட்டைகளுக்கான வாசகத்தை எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

அம்மாவின் அட்டை: "நான் மீன், இறைச்சி, கோழி, முட்டை ஆகியவற்றை உண்பதில்லை. மீனிலிருந்து எடுத்த சாற்றையும் உண்பதில்லை. கடற்பாசியிலும் காளானிலும் எடுத்த சாற்றை உண்பேன். இங்கே நான் உண்ணக்கூடியது இருந்தால் விரலால் காட்டுங்கள்."

தம்பி மகனின் அட்டை: "இந்தச் சிறுவன் நிலக்கடலையை உண்டால் உயிருக்கு ஆபத்து. நிலக்கடலை எண்ணெயும் நிலக்கடலைத் தூளும் ஆபத்து. இந்த உணவில் அவை இருக்கின்றனவா? இருக்கின்றன / இல்லை / தெரியவில்லை. ஒன்றைத் தொட்டுக் காட்டுங்கள்."

எடோகவாவாசி

"தெரியவில்லை" என்பதைச் சேர்த்தது மிகச் சரி; அதைத் தொட்டுக் காட்டினால் அங்கே சாப்பிடாதீர்கள். இரண்டாவது அட்டையில் "நிலக்கடலையைச் சமைத்த அதே எண்ணெயிலும் பாத்திரத்திலும் சமைக்கப்பட்டதா?" என்ற கேள்வியை மட்டும் தனி வரியாகச் சேருங்கள். நிலக்கடலைக்குப் பொட்டலங்களில் காணும் "ரக்கசெய்", பேச்சில் வழங்கும் "பீனாட்சு" ஆகிய இரண்டு சொற்களையும் ஜப்பானிய வடிவத்தில் எழுதிவிடுகிறேன். எங்கள் அடுத்த வீட்டு அம்மையார் பள்ளியொன்றில் மதிய உணவு சமைப்பவர். ஞாயிறன்று அவரிடம் படித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களோடு இரண்டையும் இங்கே பதிகிறேன்.